இடது கைக்கு ஓர் உறை

அத்தியாயம் 14

போன வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு மாஸ்டரைத் தெரியும். இன்றைக்குத்தான் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் நரைத்த மீசையையும் மூக்குக் கண்ணாடியையும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். வயது முப்பத்தாறு. பள்ளிச் சீருடை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். பத்து அடுக்குத் துணியை ஒன்றாக விரித்து, சாக் கோட்டில் நூல் பிசகாமல் வெட்டுவான். வெட்டுவது இடது கையால். அதற்கென்றே சொல்லி வரவழைத்த கத்தரி, அதை வேறு யாரும் தொட முடியாது, தொட்டாலும் வெட்ட முடியாது. பட்டறையில் எல்லோரும் அவனைப் பீச்சாங்கை மாஸ்டர் என்பார்கள். அவனுக்கு அதில் கோபம் கிடையாது, கொஞ்சம் பெருமை கூட உண்டு.

அவனுக்கு ஒரே மகள். வயது இரண்டரை. வீட்டில் சிட்டு. அவளுடைய வலது கை எப்போதும் மூடியே இருக்கும், நடந்தால் வலது குதிகால் தரையில் படாது. வாய் மட்டும் ஓயாது. ஐந்து மாதம் முன்னால், இது மூளை முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் மனைவிக்குப் பார்சல் ஆபீஸில் கவுண்ட்டர் வேலை. வயிற்றில் சிட்டு ஏழு மாதமாக இருந்தபோது ஆபீஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். அன்றைக்கே பரிசோதனை செய்து, தாயும் பிள்ளையும் நலம் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் விஷயம் தெரிந்த அன்று மாஸ்டரின் அக்கா, கீழ்வீட்டில் குடியிருந்து அதே பட்டறையில் மெஷினில் தைப்பவள், கூடத்தின் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஏழாம் மாதம் உருண்டு விழுந்தால் பிள்ளை எப்படி முழுதாக வரும் என்றாள். அன்றிலிருந்து மனைவி சாப்பிடுவதும் தூங்குவதும் தண்டனை அனுபவிக்கிற மாதிரிதான். போன வாரம் வேலையை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் இருபத்திரண்டு வயதில் தேடிப் பிடித்த வேலை அது.

இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று மாஸ்டரின் போனில் இருந்தது.

அது நாற்பது விநாடி வீடியோ. சிட்டுவுக்கு அப்போது ஒன்பது மாதம். பாயில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் ஒரு மஞ்சள் நூல்கண்டை அவளுக்கு இடது பக்கம் வைக்கிறான், இடது கையால் எடுக்கிறாள். வலது பக்கம் வைக்கிறான், உடம்பையே திருப்பி, இடது கையைக் குறுக்கே நீட்டி எடுக்கிறாள். வலது கை மடியில் கிடக்கிறது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நாலு விரலும் அதன் மேல் மூடி. அதைப் பார்த்து ஓர் ஆண்குரல் விழுந்து விழுந்து சிரிக்கிறது. "பாரு, பாரு, அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கா."

அந்தச் சிரிப்புதான் அவனைத் துரத்தியது. வீடியோவை அழிக்கக் கை வரவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் சிரிப்பு கேட்டது. துணி விரிக்கும்போது கேட்டது, பஸ்ஸில் நின்றுகொண்டே கண் அசந்தால் கேட்டது. இன்று காலையும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு தடவை பார்த்தான். பிறகு முகம் கழுவிக்கொண்டு, சிட்டுவைத் தூக்கிக்கொண்டு, விருந்துக்குப் போகிற மனிதனைப் போல நல்ல சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு டாக்டரிடம் கிளம்பினான்.

ஸ்கேன் எடுத்து, முறை கிடைத்து, இன்றைக்குத்தான் பார்க்க முடிந்த நரம்பு டாக்டர் நிதானமான மனிதர். மேஜையில் மூன்று பென்சில், மூன்றும் சீவி ஒரே அளவில். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு, ஒரு பென்சில் முனையால் இடது பக்கம் ஓர் இருண்ட இடத்தைக் காட்டினார். இங்கே கொஞ்ச நேரம் ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது என்றார். பிறப்பதற்கு முன்போ பிறக்கும் சமயத்திலோ நடந்தது. வயதானவர்களுக்கு வருகிற பக்கவாதம் போன்றதே, பிள்ளைக்கு அது வெளியில் தெரிய மாதக்கணக்காகும். மூளையின் இடது பாதிதான் உடம்பின் வலது பாதியை ஆட்டி வைக்கிறது, அதனால்தான் வலது கையும் வலது காலும்.

சிட்டு அதற்குள் மூன்று பென்சிலில் இரண்டைக் கைப்பற்றியிருந்தாள். இடது கையால்தான்.

மனைவி ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி வந்திருந்தாள். இது வளருமா என்று கேட்டாள். காயம் வளராது, குழந்தைதான் வளரும், அப்போது தசை இறுகும், அதற்காகத்தான் விடாமல் பயிற்சி என்றார். புத்தி எப்படி இருக்கும் என்று கேட்டாள். என் பென்சிலைத் திருடுகிற அழகைப் பார்த்தால் எனக்குக் கவலையில்லை என்றார். வலிப்பு வர வாய்ப்பு உண்டு, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மருந்து சாப்பிட்டுக் குணமாகிற சமாச்சாரம் இல்லை, ஆனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்றார்.

கடைசிக் கேள்வியை அவள் நோட்டைப் பார்க்காமல் கேட்டாள். நோட்டை மூடிவிட்டிருந்தாள்.

"ஏழாம் மாசம் நான் படியில விழுந்தேன் டாக்டர். மூணாவது படி. இடுப்புதான் அடிபட்டுச்சு, வயிறு படல. அதனாலதானே?"

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "அதையும் இதையும் முடிச்சுப் போட என்கிட்ட ஒரு ஆதாரமும் இல்லம்மா. விழுந்த அன்னைக்கு எடுத்த ரிப்போர்ட்டையும் பார்த்தேன். இந்த மாதிரிப் பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு மேல ஏன் வந்துச்சுன்னே தெரியாது. யாரும் செஞ்சு வர்றது இல்ல இது."

அவள் தலையாட்டினாள். நம்பிய தலையாட்டல் இல்லை அது. கவுண்ட்டரில் ஒரு வாடிக்கையாளர் பொய் விலாசம் சொன்னால் அவள் அப்படித்தான் தலையாட்டுவாள், மாஸ்டருக்குத் தெரியும்.

பிறகு டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார், கை மூடியிருப்பதை முதலில் பார்த்தது எப்போது என்று. நடக்க ஆரம்பித்த பிறகுதான் காலைக் கவனித்தோம் என்றாள் மனைவி. கையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, அவள் அப்பா இடது கைக்காரர், அதே மாதிரி என்று நினைத்துவிட்டோம் என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து மாஸ்டரைப் பார்த்தார். பிறகு, எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிற குரலில் சொன்னார். ஒரு வயதுக்கு முன் எந்தக் குழந்தையும் எந்தக் கைக்காரர் என்று முடிவு செய்யாது. ஒரே கையால் எல்லாவற்றையும் எடுத்தால் அந்தக் கை கெட்டிக்காரக் கை என்று அர்த்தமில்லை, இன்னொரு கை வரவில்லை என்று அர்த்தம். தடுப்பூசி போடுகிற இடத்தில்கூட இதைக் கேட்பார்களே என்றார்.

"ஒன்பதாம் மாசம் இவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க" என்றாள் மனைவி. "எனக்கு அன்னைக்கு லீவு கிடைக்கல. ஏதாவது கேட்டாங்களாங்க?"

மாஸ்டருக்கு அந்த நர்ஸின் முகம் அப்படியே கண்முன் நின்றது. சிட்டுவின் வலது உள்ளங்கையைத் தன் சுண்டுவிரலால் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். அவன் எங்கள் பரம்பரையே இப்படித்தான் என்று சிரித்தான். பஸ் நிறுத்தத்தில் அந்தச் சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டான்.

"ஒண்ணும் கேட்கலையே" என்றான்.

டாக்டர் மேற்கொண்டு நோண்டவில்லை. குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை என்றார். முன்பே தொடங்கியிருந்தால் நல்லது, இப்போது தொடங்கினாலும் நல்லதுதான் என்று சொல்லி, பக்கத்து அறைக்கு அனுப்பினார்.

பக்கத்து அறையில் பயிற்சி கொடுக்கிற அம்மா இருந்தாள். சாக்ஸ் காலோடு தரையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பிள்ளையாகத் தவழ்கிற பெண். அவள் சொன்னது மாஸ்டருக்குக் கொஞ்ச நேரம் காதில் ஏறவே இல்லை.

சிட்டுவின் இடது கைக்கு ஓர் உறை போட வேண்டும். விரல் பிரியாத, மெத்தென்ற உறை. பல்லால் இழுத்தாலும் கழலக் கூடாது, தோலையும் அறுக்கக் கூடாது. முதல் வாரம் காலை அரைமணி, மாலை அரைமணி. அந்த நேரத்தில் பெற்றவர்கள் கூட உட்கார்ந்து விளையாட வேண்டும். இடது கை இல்லாதபோது வலது கை வேறு வழியில்லாமல் எழுந்து வரும். எழுந்து வந்தால்தான் அதற்கு இப்படி ஒரு வேலை இருக்கிறதென்று மூளைக்கு நினைவு வரும். நீங்கள் துணி வெட்டுகிறவர்தானே, நீங்களே தைத்துவிடுங்களேன், கடையில் விற்பதெல்லாம் இந்தக் கைக்குப் பெரிசு என்றாள்.

மாஸ்டரின் முகம் போன போக்கைப் பார்த்து அவள் பயந்திருக்க வேண்டும். "கட்டிப் போடறது இல்ல சார். அந்தக் கைக்கு அரைமணி லீவு, அவ்வளவுதான். இவ எப்பவும் இடது கைக்காரிதான். வலது கை பக்கத்துல நின்னு ஒத்தாசை பண்ணா போதும்."

அவன் சரி என்றான். இடது மணிக்கட்டைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் சிட்டு தூங்கிவிட்டாள். டாக்டர் நல்ல மனிதர் என்றாள் மனைவி. பெற்றவள் மனது நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்துப் பேசுகிறார் என்றாள். மாஸ்டர், அவர் படத்தைப் பார்த்துத்தானே சொன்னார் என்றான்.

"படத்துல படிக்கட்டு தெரியுமாங்க?" என்றாள். "கீழ்வீட்டு அண்ணி மூணு பிள்ளை பெத்தவங்க. அவங்க சும்மா சொல்வாங்களா?"

இன்றைக்கு ஆபீஸில் மேனேஜர் இல்லையாம். கடிதத்தை நாளைக் காலை கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

மாஸ்டர் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆட்டோவில் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு கிடைத்தது. இப்படியே ஐந்து மாதமாக நல்ல நல்ல சாக்குகளாகக் கிடைத்துக்கொண்டிருந்தன அவனுக்கு.

பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. மாஸ்டர் மேஜையில் ஒரு மிச்சத் துணியை விரித்தான். பனியன் துணி, வெளிர் நீலம், நாலு பக்கமும் இழுபடும். சிட்டுவின் கை அளவை ஒரு தாளில் கோடு போட்டு எடுத்து வந்திருந்தான். அட்டையில் அதைச் சுற்றித் தையலுக்கு இடம் விட்டு வரைந்தான். இவ்வளவு சின்ன அட்டையை அவன் வெட்டியதே இல்லை. கத்தரியை எடுத்தான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கோட்டுக்கு வெளியே போனான்.

அவனுக்கு ஏழு வயதில் நடந்தது இது. இடது கையால் எழுதுகிறான் என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் இடது கையை நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, வலது கையால் ஒரு பக்கம் எழுத வைப்பார்கள். திரைச்சீலைக் கயிறு. கட்டுவது அக்காவின் வேலை. அவளுக்குப் பதின்மூன்று வயது. அவள் தளர்த்திக் கட்டுவாள், அப்பா வந்து இழுத்துப் பார்த்து இறுக்குவார். எழுத்து வராது, அழுகை வரும், ஒரு நாள் நாற்காலியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். அக்கா துடைத்தாள். எனக்கொரு பிள்ளை பிறந்தால் அதன் கையை ஒருத்தனையும் தொட விடமாட்டேன் என்று அன்று தீர்மானம் செய்தவன் அவன். அந்தத் தீர்மானத்தை ரொம்ப ஒழுங்காகக் காப்பாற்றிவிட்டான்.

வெட்டிய இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு அக்காவின் மெஷினுக்குப் போனான். அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். எல்லாம் சொன்னான். உறை எதற்கு என்று சொன்னபோது அக்கா துணியைக் கையில் வாங்கியிருந்தாள். மேஜையில் வைத்துவிட்டாள்.

"இத நான் தைக்க மாட்டேன்டா" என்றாள். "ஒரு தடவை கட்டினது போதும். இன்னும் அந்தக் கயிறு என் கையில இருக்கு."

அவன் நின்றான். அக்கா இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. இருபத்தொன்பது வருஷமாக இருவரும் அந்த நாற்காலியைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர.

அந்த ஒரு தடவையை இப்போது அவளே எடுத்தாள். "நான் சொன்னேன்ல. ஒன்பதாம் மாசம் குளிப்பாட்டும்போது சொன்னேன். அந்தக் கையைக் கழுவ முடியல, விரலைப் பிரிக்க முடியல, டாக்டர்கிட்ட காட்டுன்னு. நீ என்ன சொன்ன?"

அவனுக்கு மறக்குமா. என் கையைக் கட்டியது போதாதா, அவள் கையையும் கட்டத்தான் வந்தாயா என்று கேட்டான். அக்கா ஈரக் கையோடு எழுந்து போனாள். ஒரு மாதம் மாடிப்படி ஏறவில்லை.

"ஆமா, நீ சொன்ன" என்றான். "அப்புறம் எதுக்குக்கா படிக்கட்டச் சொன்ன? அவ விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

"வேற யாரைச் சொல்றது? உன்னையா?"

அதற்கு மேல் அவள் அவனைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பைக்குள் வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள். மெதுவாகச் சொன்னாள். அவள் பொம்பளை, எதையும் தாங்கிக்கொள்வாள், ஐந்து மாதம் தாங்கிவிட்டாள், இன்னும் கொஞ்ச நாளில் பழகிவிடும். நீ தாங்க மாட்டாய், எனக்குத் தெரியும் உன்னை. போய் எதையாவது உளறி வைக்காதே என்றாள்.

அவனுக்கு அக்கா மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவமானம்தான் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன்னால் கூடத்தில் அக்கா அந்தத் தீர்ப்பைச் சொன்னபோது, எதற்காகச் சொல்கிறாள் என்று அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்திருந்தது. உள்ளுக்குள் அப்பாடா என்றுகூட இருந்தது.

மூலையில் இருந்த மெஷினில் உட்கார்ந்து அவனே தைத்தான். மணிக்கட்டுப் பட்டைக்கு இரண்டு மடிப்பு, உள்பக்கம் தையல் தெரியாமல். அவ்வளவு சின்ன உறைக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

ஐந்து மணிக்கு வீட்டில் பாய் விரித்தார்கள். மனைவி பார்சல் ஆபீஸிலிருந்து காலி டேப் வளையங்கள் ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டிலை நடுவில் நிறுத்தி, வளையத்தை அதன் கழுத்தில் மாட்ட வேண்டும். அதுதான் விளையாட்டு. மாஸ்டர் உறையை மாட்டிவிட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்து, அரைமணி என்றாள்.

முதல் இரண்டு நிமிஷம் சிட்டுவுக்கு வேடிக்கை. நீலக் கையை முகத்தில் தேய்த்தாள், அப்பா மூக்கில் குத்தினாள். பிறகு வளையம் வேண்டும் என்று தோன்றியது. உறைக் கையால் தள்ளினாள், வளையம் உருண்டது. மறுபடி தள்ளினாள். கோபம் வந்தது. பல்லால் பட்டையைக் கடித்து இழுத்தாள். வரவில்லை, அவ்வளவு நல்ல தையல்.

"அப்பா, கழட்டு."

இந்தக் கையைக் கேளு என்று மனைவி வலது முழங்கையை மெல்லத் தொட்டாள். வீட்டில் அந்தக் கைக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர், சிட்டுவே வைத்தது.

"தூங்குமூஞ்சி வர மாட்டேங்குது" என்று சிட்டு அழ ஆரம்பித்தாள்.

மாஸ்டரின் கை தானாக உறையை நோக்கிப் போனது. மனைவி அதைத் தடுத்தாள். வளையத்தை எடுத்து, மூடிய விரல்களின் மேல் வைத்து, விழாமல் பிடித்துக்கொண்டு, அழுகிற பிள்ளையிடம் ஏதேதோ பேசினாள். அப்படிப் பேசிக்கொண்டே, அவனைப் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள். "நான் அன்னைக்குக் கைப்பிடியப் பிடிச்சு இறங்கியிருந்தா இவளுக்கு இந்தப் பாடு இல்ல."

அவள் அதைச் சொல்லி அவன் நூறு தடவை கேட்டிருக்கிறான். நூற்றியோராவது தடவை கேட்க முடியவில்லை.

"நீ விழுந்ததுனால இல்ல" என்றான்.

"டாக்டர் சொன்னதத்தான் நீங்களும் சொல்றீங்க."

"டாக்டர் சொன்னது இல்ல. எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். வளையத்த வெச்சுட்டு கேளு."

அவள் வளையத்தை வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே கேட்டாள். அவன் ஒழுங்கில்லாமல் சொன்னான். முதலில் வீடியோ, பிறகு நர்ஸ், பஸ் நிறுத்தத்தில் கிழித்த சீட்டு, காலையில் டாக்டர் முன்னால் சொன்ன பொய். பிறகு அக்கா குளிப்பாட்டிக்கொண்டே சொன்னது, அவன் அக்காவைக் கேட்ட கேள்வி. நடுவில் நாற்காலியையும் கயிற்றையும் சொல்லப் பார்த்தான். அதைச் சொன்னால் தன் மேல் இரக்கம் வரவழைக்கிற மாதிரி இருந்தது, பாதியில் விட்டுவிட்டான். சிட்டு அழுகையை நிறுத்தி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மனைவி மாதத்தை எண்ணினாள். "ஒன்பது மாசம். நமக்குத் தெரிஞ்சப்போ ரெண்டு வயசு ஒரு மாசம்." மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். "பதினாறு மாசம்."

"ஆமா."

"அண்ணிக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும். என்னைக் காப்பாத்தத்தான் படிக்கட்டச் சொன்னா. எனக்கும் அது தெரியும். கேட்டுட்டு சும்மா நின்னேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம் அப்படி எதற்கும் தயாராக இல்லை.

"ஆபீஸ்ல அந்த மூணாவது படிய நான் மிதிக்கறதில்ல" என்றாள். "அஞ்சு மாசமா தாண்டித் தாண்டித்தான் போறேன். எல்லாரும் பார்த்துச் சிரிக்கறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

அவளை ஆபீஸில் கொண்டு விடும் நாட்களில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவிலிருந்து அவன் பார்த்திருக்கிறான். இரண்டாம் படியில் ஒரு கணம் நிற்பாள், புடவையைத் தூக்கிப் பிடிப்பாள், நாலாவதுக்குக் கால் வைப்பாள். ஒவ்வொரு நாளும்.

"தெரியும்" என்றான்.

"தெரியும்" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

வளையத்தைச் சிட்டுவின் மடியில் வைத்தாள். எழுந்தாள். அலமாரி மேலிருந்து கைப்பையை எடுத்து, உள்ளே இருந்த கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கிழிக்கப் போகிறாளோ என்று பார்த்தான். கிழிக்கவில்லை. நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. அவ எவ்வளவு அழுதாலும் கழட்டக் கூடாது."

படியிறங்கும் சத்தம் கேட்டது. ஒரு படியும் விடாமல் இறங்கினாள். கீழ்வீட்டுக் கதவு தட்டப்பட்டது, திறந்தது, மூடியது. சண்டைச் சத்தத்துக்காக மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. யாரும் பேசுவதாகவே தெரியவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

சிட்டு நீலக் கையை அவன் முன்னால் நீட்டினாள். கண்ணீரெல்லாம் காய்ந்து கன்னத்தில் கோடாகியிருந்தது.

"கழட்டுப்பா."

இடது மணிக்கட்டில் அந்தக் கயிறு இறுகுவது அவனுக்குத் தெரிந்தது. அப்பா வந்து இழுத்துப் பார்ப்பது தெரிந்தது. இன்று இழுத்துப் பார்க்கிறவன் தான்தான் என்பதும் தெரிந்தது. பட்டையை அவிழ்க்க ஒரு விநாடி போதும். அவன் இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

"மாட்டேன் கண்ணு."

"அப்பா வேணாம்" என்றாள் சிட்டு. "அம்மா வேணும்."

"அம்மா இப்ப வந்துருவா" என்றான். வந்தால் யாருக்காக வருவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். பதினாலு நிமிஷம் பாக்கி இருந்தது.